எடைக்காக டெம்பே: வீட்டில் போடுவதிலிருந்து விற்பதுவரை

புளித்த சோயா சாப்பிட்டால் எடை ஏறாது, அது ப்ரோபயாடிக், குடலுக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் எடுத்துக்கொண்டது டெம்பே: வெந்த சோயா பயறில் பூஞ்சையை வளர்த்துக் கட்டியாக்கும் பண்டம். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு தேடினால் இரண்டு விதமான தகவல்தான் கிடைக்கும். ஒன்று, குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறை. அதில் பாதி பக்கம் சூடுபடுத்தும் பெட்டி செய்வதைப் பற்றியே இருக்கும். நம் ஊரில் பிரச்சினை சூடு போதாமை அல்ல, சூடு மிஞ்சுவது. இன்னொன்று, தொந்தி கரையும் என்று சத்தியம் செய்யும் வாட்ஸ்அப் வகை. நான் இரண்டையும் நம்பி, சோயாவைத் தேடி, புளிக்கவைக்கும் பொடியான ஸ்டார்டரைத் தேடி, அப்புறம் நாலு பேர் விலைக்குக் கேட்டபோது அரசுப் பதிவுக்காகவும் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாப் படிகளும் எல்லோருக்கும் தேவையில்லை. வீட்டுக்கு மட்டும் செய்கிறவர்கள் ஏழாவது படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ப்ரோபயாடிக் என்றால், உயிரோடு இருக்கும் நுண்ணுயிர், போதிய அளவில் உள்ளே போய், உடலுக்கு நன்மை செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2001-இல் வைத்த வரையறையின் சாரம் இதுதான். இட்லி மாவில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர் இருக்கிறது. ஆவியில் வெந்த இட்லியில் அது உயிரோடு இருப்பதில்லை. டெம்பேயும் அதே கதை. அதைப் பெரும்பாலும் யாரும் பச்சையாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிடவும் கூடாது. அதனால் சமைத்த டெம்பேயை ப்ரோபயாடிக் என்று சொல்வது பொருந்தாது.

அப்படியானால் புளிக்கவைத்து என்ன பயன்? பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வயிற்றை உப்பவைக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள் ஊறலிலும் பூஞ்சை வளர்ச்சியிலும் குறைகின்றன. இரும்பு, துத்தநாகச் சத்துகளைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் குறைகிறது. சோயாவின் ஐசோஃப்ளேவோன்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் உடல் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கு மாறுகின்றன. புரதம் ஓரளவு முன்கூட்டியே உடைபட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், முழுப் பயறை நார்ச்சத்தோடு சாப்பிடுகிறோம்.

எடை விஷயத்தில் ஆதாரம் எவ்வளவு? எலிகளில் செய்த சோதனைகள் ஏராளம். மனிதர்களிடம் செய்தவை குறைவு, சிறியவை. கொரியாவின் தோயன்ஜாங் என்னும் சோயா விழுதை வைத்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், எடை கூடிய சுமார் 50 பேர் 12 வாரம் பங்கெடுத்தார்கள். விழுது சாப்பிட்ட குழுவுக்கு வயிற்றின் உட்கொழுப்பு குறைந்தது. நம்பிக்கை தரும் செய்தி, அவ்வளவுதான். 2020-இல் ஜப்பானியர் சுமார் 93 ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு, புளித்த சோயா அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பு விகிதம் 10 சதவீதம் குறைவு என்றது. அது இறப்பைப் பற்றியது, எடையைப் பற்றியது அல்ல. அப்படிச் சாப்பிடுகிறவர்களின் மற்றப் பழக்கங்களும் அதில் கலந்திருக்கும். யாராவது இந்த எண்ணைக் காட்டி 'தொந்தி குறையும்' என்றால் நம்பாதீர்கள்.

என் கணிப்பு இது: புளித்த சோயா மருந்து இல்லை. தட்டில் சோற்றின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள உதவும் நல்ல சாப்பாடு.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

புளித்த சோயா என்பது ஒரே பண்டம் இல்லை. ஜப்பானின் நேட்டோ, பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவால் ஆவது. சமைக்காமல் சாப்பிடுவதால் அதில்தான் உயிருள்ள நுண்ணுயிர் உண்மையாகவே உள்ளே போகிறது. ஆனால் நூல்நூலாக இழுக்கும் கொழகொழப்பும் அந்த வாடையும் எல்லோருக்கும் ஒத்துவராது. நம் நாட்டிலேயே இதற்கு உறவுக்காரர்கள் உண்டு: சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் கினேமா, மணிப்பூரில் ஹவாய்ஜார், நாகாலாந்தில் அகுனி, மேகாலயாவில் துங்ரிம்பாய். வடகிழக்கு நண்பர்கள் இருந்தால் கேட்டு ருசித்துப் பாருங்கள். சுவை பிடித்துப்போனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஜப்பானின் மிசோ, கொரியாவின் தோயன்ஜாங் ஆகிய சோயா விழுதுகளில் உப்பு அதிகம். ஒரு மேசைக்கரண்டி மிசோவில் ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் உள்ள வீட்டில் இது கூடுதல் சுமை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

டெம்பே இந்தோனேசியாவின் ஜாவாக்காரர்களுடையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்களுக்குப் பழக்கமான பண்டம். உப்பு கிடையாது, வாடை கிடையாது, காளான் மாதிரி மெல்லிய மணம். நம் மசாலா எதற்கும் ஒத்துப்போகும். நம் தட்பவெப்பம் அதன் பூஞ்சைக்குப் பிறந்த வீடு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. இனி வருவதெல்லாம் டெம்பேயைப் பற்றித்தான்.

3. மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இதைச் செய்முறைக்கு முன்னால் வைக்கக் காரணம், பெரும்பாலோர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: சோயா அந்த மருந்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை என்றால், சோயாவை மதியத்துக்குத் தள்ளுங்கள். நாலு மணி நேர இடைவெளி போதும். ஆனால் தினமும் சாப்பிடத் தொடங்கினால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள்: நேட்டோ வேண்டவே வேண்டாம். அதில் கே2 வைட்டமின் மிக அதிகம், மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புளிக்கவைத்தாலும் அது சோயாதான். மனச்சோர்வுக்கான பழைய மருந்துகளில் எம்ஏஓ தடுப்பான் என்ற வகை உண்டு. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் புளித்த சோயா எதுவும் கூடாது.

இன்னொன்று. சைவர்கள் பலர் பி12 கிடைக்கும் என்று டெம்பேக்கு வருகிறார்கள். இந்தோனேசியாவில் செய்வதில் பி12 இருப்பது, கூடவே வளரும் வேறு பாக்டீரியாக்களால். தூய ஸ்டார்டர் போட்டுச் செய்யும் வீட்டு டெம்பேயில் அதை எதிர்பார்க்க முடியாது. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

4. வாங்க வேண்டியவையும் செலவும்

சோயா பயறு: கடையில் 'சோயா' என்று கேட்டால் மீல் மேக்கரை எடுத்து நீட்டுவார்கள். அது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்தது, இதற்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது வெளிர்மஞ்சளில் உருண்டையாக இருக்கும் முழுப் பயறு. பெரிய மளிகைக் கடை, சிறுதானியக் கடைகளில் கிடைக்கும். கிலோ சுமார் 90 முதல் 140 ரூபாய். விதைக்காக மருந்து கலந்து வைத்த பயறை விதைக் கடையில் வாங்கிவிடாதீர்கள். பழைய பயறு எவ்வளவு வேகவைத்தாலும் கல்லாகவே இருக்கும். அதனால் ஒரு கை வாங்கி ஊறப்போட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

ஸ்டார்டர்: ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் கலந்த மாவுப்பொடி. இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். 30 முதல் 50 கிராம் பொட்டலம் ஏறக்குறைய 200 முதல் 400 ரூபாய். அது பல தடவைக்கு வரும். வாங்குமுன் தயாரித்த தேதியைக் கேளுங்கள். தேதி போடாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். தயிர், ஈஸ்ட், ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல் எதுவும் இதற்கு மாற்று ஆகாது.

இவற்றோடு வெள்ளை வினிகர், ஜிப் வைத்த கவர் அல்லது வாழையிலை, ஒரு கம்பி வலை. சமையலறை வெப்பமானி ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைக்கும். தொடக்கத்தில் கையைவிட அதை நம்பலாம்.

அரை கிலோ பயறில் சுமார் 850 கிராம் டெம்பே வரும். பயறு, ஸ்டார்டர், கேஸ் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடியும். கடையில் அதே எடை வாங்கினால் பல மடங்கு ஆகும். தொடக்கத்திலேயே அரை கிலோவுக்குப் போகாமல், 100 கிராம் பயறில் ஸ்டார்டரின் வீரியத்தைச் சோதித்துப் பாருங்கள்.

5. செய்முறை, நேரக் கணக்கோடு

வெள்ளி இரவு ஊறப்போட்டால் ஞாயிறு மாலை டெம்பே. வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் சரிவரும்.

வெள்ளி இரவு: பயறைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தூங்கப் போகுமுன் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

சனி காலை, தோல் உரிப்பது: எல்லாரும் கைவிடுகிற இடம் இதுதான். தோல் இருந்தால் பூஞ்சை உள்ளே இறங்காது. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பயறை அழுத்தித் தேயுங்கள். பயறு இரண்டாகப் பிளந்து, தோல் மேலே மிதக்கும். தண்ணீரோடு சாய்த்து வடியுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் பெரும்பகுதி போய்விடும். ஓரிரு தோல் மிஞ்சினால் பரவாயில்லை. அரை மணி நேரம் பிடிக்கும். ஊறவைக்குமுன்பே மாவு மில்லில் கொடுத்து ஒன்றிரண்டாக உடைத்து வாங்கிவிட்டால் இந்த வேலை பாதியாகும்.

வேகவைப்பது: திறந்த பாத்திரத்தில் 40 நிமிடம். நுரை பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். குக்கர் என்றால் பாதிக்குக் கீழேதான் நிரப்ப வேண்டும். சோயா நுரையும் தோலும் வெயிட் வால்வை அடைத்துவிடும். இரண்டு விசில் போதும். விரலால் அழுத்தினால் பயறு உடைய வேண்டும், மசியக் கூடாது. குழைந்துபோனால் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிட்டுவிட்டு வேறு பயறு போடுங்கள்.

உலர்த்துவது: என்னைக் கேட்டால் மொத்தச் செய்முறையும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வடித்த பயறை வெள்ளைத் துணியில் பரப்பி ஃபேனைப் போடுங்கள். அவசரமென்றால் அகல வாணலியில் சின்னத் தீயில் கிளறுங்கள். கையில் அள்ளினால் ஈரம் ஒட்டக் கூடாது, ஆனால் பயறு உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சைக்கு முந்தி பாக்டீரியா வந்துவிடும்; கொழகொழவென்று நாறிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

கலப்பது: பயறு உடல் சூட்டுக்கு இறங்கியதும், அதாவது 35 டிகிரிக்குக் கீழே, அரை கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டுப் பிசறுங்கள். இந்தப் புளிப்புதான் வேண்டாத பாக்டீரியாவைத் தள்ளிவைக்கும். அப்புறம் ஸ்டார்டர். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவே அளவு; கூடப் போட்டால் சீக்கிரம் ஆகும் என்று நினைக்காதீர்கள், சூடுதான் கூடும். எல்லாப் பயறிலும் படும்படி இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள்.

கட்டுவது: கவரின் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கோணி ஊசியால் குத்துங்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டும், ஆனால் அளவாக. பயறைப் போட்டு இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக்கி மூடுங்கள். வாழையிலை என்றால் தணலில் வாட்டி, பொட்டலமாக மடித்து நாரால் கட்டினால் போதும், ஓட்டை வேண்டாம். மணமும் நன்றாக இருக்கும்.

காத்திருப்பது: 30 முதல் 32 டிகிரி வேண்டும். சென்னை, மதுரை, திருச்சியில் வருடத்தில் பல மாதம் சமையலறை அலமாரியே போதும். கீழேயும் காற்றுப் போக, கம்பி வலைமேல் வையுங்கள். மார்கழியிலும், கோவை, நீலகிரிப் பக்கமும், தெர்மோகோல் பெட்டியில் சின்ன குண்டு பல்பு எரியவிட்டு வைக்கலாம்.

முதல் 12 மணி நேரம் ஒன்றும் நடக்காது. பயப்படாதீர்கள், திறந்து பார்க்காதீர்கள். அப்புறம் கவருக்குள் வியர்க்கும், பயறுகளுக்கு நடுவில் வெள்ளை தெரியும். அந்த நேரத்திலிருந்து டெம்பே தானாகவே சூடாகத் தொடங்கும். நம் ஊர் ஆட்கள் தோற்கிற இடமும் இதுவே. வெளியே 36 டிகிரி, உள்ளே தன் சூடு வேறு சேர்ந்து 42-ஐத் தாண்டினால் பூஞ்சை செத்துவிடும். எனவே வெள்ளை தெரிந்ததும் அலமாரியையோ பெட்டியையோ விட்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், டைல்ஸ் தரைக்கு மேல் வலைபோட்டு ஃபேனுக்கு அடியில் வையுங்கள். சனி மதியம் கட்டியது ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடும். குளிர்காலத்தில் திங்கள் காலை ஆகலாம்.

ஆனதும் உடனே பத்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும், ஃப்ரீசரில் மூன்று மாதம். ஆவியில் வைக்காமல் சூட்டோடு ஃப்ரிட்ஜில் அடுக்கினால் நடுவில் இருப்பது உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும்.

6. சாப்பிடலாமா, கொட்டலாமா

நல்ல டெம்பே வெட்டும்போது உதிராது. வில்லை போட்டால் வெள்ளைப் பரப்பில் பயறு பதிந்திருப்பது தெரியும். மணம் புதுக் காளான் மாதிரி.

ஊசி குத்திய இடங்களில் சாம்பல், கறுப்புத் திட்டு இருந்தால் கெடவில்லை. பூஞ்சை வித்து விட்டிருக்கிறது, சாப்பிடலாம். லேசான அமோனியா வாடை கொஞ்சம் முற்றியதைக் காட்டும். மூக்கைத் துளைத்தால் கொட்டுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று எந்த நிறம் தெரிந்தாலும் முழுசும் குப்பைக்கு. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது கூடாது. கொழகொழப்பு, அழுகல் நாற்றத்துக்கும் அதே தீர்ப்பு.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. நம் வீடுகளில் எதிலும் தேங்காய் சேர்த்துப் பார்க்கும் ஆசை வரும். டெம்பே புளிக்கும்போது தேங்காயோ, தேங்காய்ப் புண்ணாக்கோ, பால் பிழிந்த சக்கையோ சேர்க்கவே கூடாது. ஜாவாவில் அப்படிச் செய்த 'டெம்பே போங்க்ரெக்' பல உயிர்களைப் பறித்தது; அதில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் போங்க்ரெக் அமிலம் கொதிக்கவைத்தாலும் போகாது. இந்தோனேசிய அரசு 1988-இல் அதைத் தடை செய்தது. தேங்காய்த் துருவலைச் சமைத்து முடித்தபின் மேலே தூவிக்கொள்ளுங்கள், அதில் ஆபத்தில்லை.

7. தட்டில் எப்படி வைப்பது

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் எடை கூடியவர்கள். அதுவும் 25 என்ற பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) எல்லையை வைத்து. இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன் என்றுதான் நம் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இடுப்புச் சுற்றுக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தையல் டேப் ஒன்று போதும், அளந்து குறித்து வையுங்கள்.

டெம்பே கலோரி குறைந்த உணவு இல்லை. 100 கிராமில் சுமார் 190 கலோரி. ஒரு கப் சோற்றுக்குச் சமம். வித்தியாசம் என்னவென்றால் சோற்றில் புரதம் 4 கிராம், டெம்பேயில் 19. பசி அடங்கிக் கிடக்கும் நேரம் நீள்கிறது, நாலு மணி முறுக்குக்குக் கை போவதில்லை. எனவே வழக்கமான சாப்பாட்டோடு டெம்பேயையும் சேர்த்துச் சாப்பிட்டால் எடை கூடத்தான் செய்யும். ஒரு கப் சோற்றை எடுத்துவிட்டு, 100 கிராம் டெம்பே வையுங்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் போதும்.

எண்ணெயில் பொரிக்காதீர்கள். டெம்பே பஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சும். வறுத்த பிறகு அது இன்னொரு பஜ்ஜி. தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இரு பக்கமும் சிவக்கவிட்டு, மிளகுப்பொடி தூவினால் ருசிக்கும். வத்தக்குழம்பில் கடைசிப் பத்து நிமிடம் போட்டால் புளியும் காரமும் நன்றாக இறங்கும். உப்பு இல்லாத பண்டம் என்பதால், சமைக்குமுன் உப்பு, மஞ்சள், பூண்டு கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் சப்பென்று இருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வயிறு கொஞ்சம் உப்பலாம். முதல் வாரம் 50 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து இடுப்பை அளந்து பாருங்கள். வாரா வாரம் எடை மெஷினில் ஏறி இறங்குவதில் அர்த்தமில்லை.

8. விற்க நினைத்தால் வேண்டிய காகிதங்கள்

பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது வேறு, காசு வாங்குவது வேறு. ஒரு பொட்டலம் விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்னும் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். வீட்டுச் சமையலறையிலிருந்தே எடுக்கலாம், தனிக் கட்டடம் தேவையில்லை.

விண்ணப்பிக்கும் அரசு இணையதளத்தின் பெயர் ஃபாஸ்காஸ். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் ஏஜென்டுகளின் தளங்கள். அரசு முத்திரை மாதிரியே ஒன்றை மேலே போட்டு, இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பார்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சிறு உற்பத்தியாளருக்கான பதிவுக்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான் என்று வைத்திருந்தார்கள். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பது 2011 விதிகள் வைத்த எல்லை. தொகையும் எல்லையும் திருத்தப்படுவதுண்டு என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டுவதுதான் கணக்கு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ஆதார், சமையலறை இருக்கும் முகவரிக்கான சான்று. சொந்த வீடென்றால் மின்கட்டண ரசீது. வாடகை வீடென்றால் ஒப்பந்தமும், வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடிதமும். இந்தக் கடிதத்துக்குத்தான் நாள் இழுக்கும், முதலில் அதை வாங்குங்கள். ஆதாரில் ஒரு முகவரி, ரசீதில் வேறு முகவரி என்றால் கேள்வி வரும். கதவு எண் பழசு, புதுசு இரண்டையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் உணவு வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கவனம். டெம்பே 6.8 சோயா பண்டங்களில், 6.8.6 புளித்த சோயா என்பதில் வரும். 'ப்ரோபயாடிக்' என்ற எண்ணத்தில் ஆரோக்கிய துணைஉணவுப் பிரிவைத் தொட்டுவிட்டால், சிறு பதிவு போதாது என்று வேறு பாதையில் இழுத்துவிடும். என் விண்ணப்பத்தை நிரப்ப வந்த ஒரு ஏஜென்ட் அதைத்தான் தேர்ந்தெடுக்கப் போனார். அதற்குத் தனிக் கட்டணமும் சொன்னார்.

விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவு, நிராகரிப்பு, ஆய்வு அறிவிப்பு மூன்றில் ஒன்று வர வேண்டும் என்பது விதி. ஆய்வு என்றால் 30 நாள்வரை ஆகலாம். வரும் அலுவலர் பார்ப்பது ஆடம்பரத்தை இல்லை: குடிநீர் எங்கிருந்து, குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கிறதா, ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, செய்கிறவருக்கு மருத்துவத் தகுதிச் சான்று இருக்கிறதா. சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மாதக் கடைசியில் போகாதீர்கள், கூட்டம்.

பொட்டலம் கட்டி விற்பதால் எடையளவுச் சட்டப்படி பொதிப்பவர் பதிவும் வேண்டும். தொடங்கிய 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்தால் வங்கிக் கடனுக்கு உதவும். அது முற்றிலும் இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு தேதி போட முடியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நுண்ணுயிர்ச் சோதனையும் ஊட்டச்சத்துச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும், அறிக்கை வர ஓரிரு வாரம். செலவில் பெரியது இதுதான். முதலீடு போடும்போதே ஒதுக்கி வையுங்கள்.

9. லேபிளில் எழுதுவதும் எழுதக் கூடாததும்

எழுத வேண்டியவை: பண்டத்தின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தொகுதி எண், உங்கள் முகவரி, புகாருக்கான தொலைபேசி எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையோடு 14 இலக்க எண். 'சோயா அடங்கியது' என்ற ஒவ்வாமை வரியைத் தனியாகப் போடுங்கள். பயறே சோயாதானே என்று விட்டுவிடாதீர்கள், கட்டாயம். 'குளிரூட்டி வைக்கவும், சமைத்தே உண்ணவும்' என்பதைப் பெரிய எழுத்தில்.

எழுதக் கூடாதவை: உடல் பருமனைத் தடுக்கும், தொந்தி குறையும், சர்க்கரை கட்டுப்படும். இந்த மூன்றும் லேபிளில் மட்டுமல்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாவிலும் கூடாது. விளம்பரம் எங்கே இருந்தாலும் விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் சொல்கிறது. 'ப்ரோபயாடிக்' என்ற சொல்லுக்கும் தனி விதி உண்டு: அனுமதிக்கப்பட்ட நுண்ணுயிர் வகை, ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள். ஆவியில் வைத்த டெம்பேயால் இதைக் காட்ட முடியாது. ஆய்வக அறிக்கை கையில் இருந்தால் புரத அளவை எண்ணாகவே போடுங்கள், வாங்குகிறவருக்கு அது போதும்.

'இதைச் சாப்பிட்டால் எடை குறையுமா?' என்று வாடிக்கையாளர் கேட்பார், தினமும் கேட்பார். சோற்றைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.